தங்கையைச் சோற்றுக்குக் கூப்பிட்ட மெட்டு

என் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். நாங்கள் இருந்த வியட்நாமின் சைகோனில் அப்போது சண்டை, நாளெல்லாம் குண்டுச் சத்தம். அதற்கும் திரும்ப மாட்டாள். பேச்சும் வரவில்லை. பிரெஞ்சு டாக்டர் ஒருவர் அவளை நாக்கை நீட்டச் சொன்னார். அவள் நீட்டவில்லை. "புத்தி வளராது" என்று கையை விரித்துவிட்டார். இன்று இதை ஆட்டிசம் என்கிறார்கள், இசையாலேயே சிகிச்சை தருகிறார்களாம். கேட்கும்போது சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது. இத்தனை நாள் எங்கே போயிருந்தார்கள்?

எங்கள் வீட்டில் அந்தப் பாட்டு வழியைக் கண்டுபிடித்தவர் அப்பா. காரைக்காலிலிருந்து வந்து, பெரிய சந்தைக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். ஒருநாள் சவரம் செய்துகொண்டே ஏதோ பாட, எந்நேரமும் மேசைக்கடியில் குந்தியிருக்கும் தங்கை வெளியே வந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவளிடம் எதையும் பாடித்தான் சொன்னார். குளிக்க வா, சட்டை போடு, சாப்பிட வா, எல்லாம் பாட்டு. எதிர்வீட்டு வியட்நாமியப் பெண்கூடக் கதவோரம் நின்று சிரித்தபடி கேட்பாள்.

நான் பாடினால் தங்கை காதைப் பொத்திக்கொள்வாள். அம்மாவோ பாடவே மாட்டாள்.

"நான் கடைக்குப் போனா பிள்ள மத்தியானம் பட்டினி கெடக்குது. நீயும் ரெண்டு வரி பாடேன்" என்பார் அப்பா.

"என் தொண்டயக் கேட்டா காக்காகூட பறந்துரும். போங்க."

சைகோனை ஒட்டிய சீனர் பகுதியான சோலோனில் சண்டை ஓய்ந்துவிட்டது என்று நம்பி, அப்பா கடைக்குத் துணி எடுக்க அங்கே போனார். சண்டை ஓயவில்லை. சிக்லோ என்னும் மிதி ரிக்‌ஷாவில் அவர் உடலைக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலைவரை தங்கை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மேசைக்கடியை விட்டு அசையவும் இல்லை. யார் இனி இவளைக் கூப்பிடுவது என்பதுதான் எனக்குப் பயம். சாவைவிட அது பெரிதாகத் தெரிந்தது.

அப்போதுதான் அம்மா வாய்விட்டு ஒப்பாரி வைத்தாள். கரகரத்த குரலில், "எழுந்து வாங்களேன், எங்கிட்ட வாங்களேன்" என்று இழுத்துப் பாடினாள். மேசைக்கடியிலிருந்து தங்கை எழுந்து வந்து அம்மா முன்னால் நின்றாள். அம்மா திகைத்துப்போய் நிறுத்தினாள். தங்கை திரும்பி நடந்தாள். அம்மா அவசரமாக அதே மெட்டைப் பிடித்து, "சோறு தின்ன வாடி, எங்கண்ணே" என்று பாடினாள். பக்கத்து வீட்டிலிருந்து வந்த கஞ்சியை, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒப்பாரியை நிறுத்தாமலே ஊட்டி முடித்தாள்.

அதன்பின் எங்கள் வீட்டில் சாப்பாட்டுப் பாட்டு அதுதான். சண்டை முடிந்து காரைக்காலுக்குத் திரும்பிய பிறகும் அதுதான். கேட்டதும் தங்கை ஓடி வருவாள். எனக்குத்தான் சோறு இறங்காது.

பல வருஷம் கழித்து அம்மாவும் போனாள். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள். தங்கை சிரித்துக்கொண்டே தன் தட்டை எடுத்துவந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.