சுவிட்சை அணைத்த பிறகும் எரிந்த டெஸ்டர்

திண்டுக்கல்லில் தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் இருந்த காலம். நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். வயரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்லித்தரும் இணையக் குழு ஒன்றில் நானும் புனைபெயரில் இருந்தேன். சொல்லித்தந்ததைவிட அதட்டியதே அதிகம்.

ஒருநாள் புதியவர் ஒருவர் கேட்டிருந்தார்: "வாடகை வீட்டில் சுவிட்சை அணைத்தாலும் பல்பு ஹோல்டரில் டெஸ்டர் எரிகிறது. ஏன்?"

"முதலில் டெஸ்டரைப் பிடிக்கப் பழகு. இந்த வேலை உனக்கு வராது" என்று எழுதினேன்.

பழனிக்காரர் ஒருவர் உடனே எழுதினார்: "நல்ல கேள்விங்க. சுவிட்சை கரண்ட் வர்ற ஃபேஸ் வயர்ல கொடுக்காம, திரும்பிப் போற நியூட்ரல்ல கொடுத்திருப்பாங்க. ஹோல்டர்ல எப்பவும் கரண்ட் இருக்கும். தொட்டுடாதீங்க, மெயினை அணைச்சிடுங்க."

மறுநாள் எங்கள் மாடியில் குடியிருந்த செல்வி இறங்கி வந்தாள். வயரிங் பழகிக்கொண்டிருந்தவள்.

"சார், எங்க வீட்டுக்காரரு பல்பு மாட்ட ஸ்டூல்ல ஏறிட்டாரு. நான் குழுவுல கேட்டதுக்குப் பழனி அண்ணன் எழுதுனதைப் பாத்திருந்ததால ஓடிப்போயி மெயினை அணைச்சேன். இன்னொரு ஆளு உனக்கு வராதுன்னுட்டாரு. அவரு பேச்சைக் கேட்டிருந்தா அம்புட்டுத்தான்."

மாடிக்குப் போய், மெயினைப் போட்டு, சுவிட்சை அணைத்து, டெஸ்டரை வைத்தேன். எரிந்தது.

"எந்தக் கிறுக்கன் சார் வயரிங் பண்ணுனது?" என்று சிரித்தாள்.

"நான்தாம்மா."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. குழுவில் அதட்டிய ஆளும் நான்தான் என்பதை அன்று சொல்ல எனக்குத் துணிவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.