பெரியப்பாவின் தோட்டமும் முனீஸ்வரன் கிடாவும்

ஒடுகத்தூரிலிருந்து மலையேறி வந்து ஜமுனாமரத்தூரில் சிமெண்டு, தகரம், பெயிண்டுக் கடை வைத்தவர் என் பெரியப்பா. விலை குறைத்துக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதே மனுஷன், ஒரு டேலியா மொட்டு விட்டது என்று யாராவது சொன்னால் கடையைப் போட்டது போட்டபடி ஓடுவார்.

தோட்டம் அவர் வீட்டில் இல்லை. பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, ஊர்க் குப்பையெல்லாம் கொட்டிக்கிடந்த புறம்போக்கில் இருந்தது. எங்கள் அண்ணன், அதாவது பெரியப்பாவின் ஒரே மகன், கோபித்துக்கொண்டு மலையிறங்கிய வருஷம்தான் அதை ஆரம்பித்தார். கடையில் நாலு பேர் முன்னால் பெரியப்பா கை நீட்டிவிட்டார். மத்தியான பஸ்ஸில் ஏறிப் போன அண்ணன் செல்போன் நம்பரையும் மாற்றிவிட்டான். அடுத்த மாதமே பெரியப்பா ஆள் வைத்துக் குப்பையை வாரினார். காலி பெயிண்ட் வாளிகளில் சாமந்தியும் ரோஜாவும் வைத்தார். நடுவில் ஒரு சிமெண்டு பெஞ்சும் போட்டார். சாயங்காலமானால் கடைசி பஸ் வந்து ஆட்கள் இறங்கித் தீரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். இப்படி ஊற்றினால் வேர் அழுகாதா என்று டீக்கடைக்காரர் கேட்பார். பெரியப்பா அடுத்த வாளியை மொண்டு வருவார்.

பெரியம்மாவின் வழி வேறு. மகன் திரும்பி வந்தால் வெட்டிப் பொங்கல் வைப்பதாக, மலைப்பாதை வளைவிலிருக்கும் முனீஸ்வரனுக்கு ஒரு கிடாக்குட்டியை நேர்ந்துவிட்டார். காதோரம் கீறி, மஞ்சள் தடவி, ஊருக்குள் அவிழ்த்துவிட்டாயிற்று. நேர்ந்துவிட்ட கிடாவை எங்கள் பக்கம் யாரும் கட்ட மாட்டார்கள், அடிக்கவும் மாட்டார்கள். அது எந்தக் கொல்லையில் வாய் வைத்தாலும் சாமி சாப்பிட்ட மாதிரிதான். சாமிக்குப் பிடித்த கொல்லை பெரியப்பாவின் தோட்டமாக இருந்தது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளி விட்டதும் கிடாவோடுதான் திரிவேன். கழுத்தைச் சொறிந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். அதை ஒருநாள் வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. கீழே போகிற பஸ் முனீஸ்வரன் முன்னால் நிற்கும், டிரைவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றுவார். கிடாவை வெட்டவிடாதே சாமி என்று நான் ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்க மூடி வேண்டிக்கொள்வேன்.

அந்த வருஷக் கோடை விழாவுக்குக் கலெக்டர் வருவதாகவும், தோட்டத்தைப் பார்க்கப்போவதாகவும் பேச்சு வந்தது. பெரியப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. விழாவுக்கு முந்தின நாள் காலையில் போய்ப் பார்த்தால், ஒரு வரிசைச் சாமந்தி மொட்டையாக நிற்கிறது. கிடா பெஞ்சின்மேல் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னாங்க மொதலாளி, இன்னும் எத்தினி நாளிக்கு இத்த வுட்டு வெச்சினு இருப்பீங்க?" என்றார் டீக்கடைக்காரர். "சந்தையில தள்ளிடுங்க. புள்ள வந்தா வேற ஒண்ணு வாங்கி வெட்டிக்கலாம். சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?"

பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்தார். யாராவது ஒரு இலையைக் கிள்ளினாலும் சண்டைக்குப் போகிற பெரியப்பா, கிடாவையே கொஞ்சநேரம் பார்த்தார்.

"செடி போனா வேற வெச்சிக்கலாம். அது இருக்கட்டும்," என்றார்.

மிச்சச் செடியைக் காப்பாற்ற ஊரறிந்த வழி ஒன்றுதான். சாணியைக் கரைத்துத் தெளித்தால் ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பெரியப்பா ஒரு டிரம் நிறையக் கரைத்து இலை இலையாகத் தெளித்தார். மறுநாள் எங்கள் ஊரின் அழகு, பஸ் திரும்பும் முனையிலேயே மூக்குக்கு எட்டியது. கலெக்டர் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமலே தோட்டத்தைப் பாராட்டினார். பெரியப்பா கும்பிட்டார். ஆனால் அவர் கண் கலெக்டர்மேல் இல்லை. விழாவுக்கு வந்த கூட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

விழா முடிந்ததும் தோட்டத்தின் பின்பக்கம் கிடாவுக்கென்றே அகத்தி நட்டார். பூ வளர்க்கிறவர் ஆட்டுக்குத் தனிப் பந்தி போடுகிறார் என்று ஊர் சிரித்தது.

ஐப்பசி மழையில் கிடா வயிறு உப்பிச் செத்துப்போனது. பெரியம்மா வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. பெரியப்பா ஆள் கூப்பிடாமல் தானே ரோஜாவுக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அழுது முடித்ததும் ஓர் ஆறுதல் தோன்றியது. அதை அவரிடமும் சொன்னேன்.

"நல்லவேள பெரியப்பா, இனிமே அத்த யாரும் வெட்ட முடியாதில்ல?"

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "முடியாதும்மா," என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இவ்வளவு செடியைத் தின்ற கிடாவின்மேல் இவருக்கு இத்தனை பாசமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த சந்தையன்று அவரே ஒரு கிடாக்குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். பெரியம்மா காதைக் கீறி மஞ்சள் தடவினார். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவர்களோடு பேசவில்லை.

பிறகு ஒருநாள் பெரியம்மாவோடு கீழே போனேன். பஸ் வளைவில் நின்றது. புதுக் குட்டிக்காக நான் முதலிலிருந்து வேண்ட ஆரம்பித்தேன். பக்கத்தில் பெரியம்மாவும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் சாமி ஒன்றுதான். இரண்டு வேண்டுதலில் ஒன்றைத்தான் அவரால் கொடுக்க முடியும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.