பிளாட் ஆற்றைப் பனி அடைத்த நாள்

வெர்லா ஷிமெக் பயந்த சுபாவக்காரி. அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. நெப்ராஸ்காவின் ஒரு சின்ன ஊரில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். ரயில் பாதை குறுக்கிட்டால் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் பேருக்கு நிறுத்திவிட்டுப் போவார்கள். வெர்லா கேட்பாள், கதவைச் சாத்துவாள், சந்தேகம் வந்து மறுபடியும் திறப்பாள். பின்னால் பிள்ளைகள் ரயில் மாதிரி ஊதிக் கேலி செய்வார்கள்.

ஓய்வு பெற்ற வருடம் பத்தொன்பது அடி நீளத்தில் ஒரு பழைய டிரெய்லர் வீட்டை வாங்கினாள். பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடு. உள்ளே ஒரு கட்டில், ஓர் அடுப்பு, ஒரு ஹீட்டர். குளிர்காலத்தில் அதை ஆற்றங்கரைப் பூங்காவுக்குக் கொண்டுபோய் வாரக்கணக்கில் தங்கினாள். "உன்ன மாதிரி ஆளுக்கு இது எதுக்கும்மா?" என்றாள் மகள் ஜோலீன்.

"கோடையில கூட்டம். குடிகாரனுங்க, நாய்ங்க, பட்டாசு. பிப்ரவரில ஈ காக்கா இருக்காது. பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல."

நான்காவது குளிர்காலம் அது. தண்ணீர்க் குழாய்களைப் பூங்காக்காரர்கள் மூடிவிட்டிருந்தார்கள். மின்சாரம் மட்டும் உண்டு. அடியில் காற்றுப் புகாதபடி டிரெய்லரைச் சுற்றி நுரைப் பலகைகளைச் செருகிவைத்திருந்தாள். நான்கு இடம் தள்ளி மெர்ல் டேசர் மட்டும் இருந்தார். எழுபத்தொன்பது வயது. தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைத்தடியோடு நடந்தார். வெர்லாவைச் சீண்டுவதில்தான் அவருக்குப் பொழுது போயிற்று.

மூன்று வாரம் கடுங்குளிர். ஆறு கல்லாக உறைந்து கிடந்தது. பிறகு இரண்டே நாளில் காற்று திரும்பி மழை கொட்டியது. பனி பிளந்து பாளம் பாளமாக மிதந்து போயிற்று. ஒன்றோடொன்று உரசி அது எழுப்பிய இரைச்சல் ஓயவே இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு, முட்டைக்கோசும் கறியும் வைத்த பன்னை வெர்லா சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது அந்த இரைச்சல் சட்டென்று நின்றது.

ஓடுகிற ஆட்டுக்கல்லை யாரோ கையால் பிடித்து நிறுத்தினது போல இருந்தது. அவள் கதவைத் திறந்தாள்.

கரைக்குக் கரை பனி அசையாமல் நின்றது. கீழே ஆறு வளைகிற இடத்தில், கதவளவு பாளங்கள் செங்குத்தாக எழும்பி ஒரு சுவராகியிருந்தன. கரையோரத்து மேசையின் பெஞ்சு தண்ணீருக்குள் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசை மெல்லக் கிளம்பி மிதந்தது.  

வெர்லா ஓடிப்போய் மெர்லின் கதவைத் தட்டினாள்.

"மெர்ல், ஆறு நின்னு போச்சு. வளைவுல ஐஸ் அடைச்சிருக்கு. கிளம்புங்க."

"நின்னா நல்லதுதானே? ரெண்டு நாளா தூக்கமே இல்ல."

"தண்ணி ஏறுது."

"இருபத்திரண்டு வருஷமா வரேன். அந்த வில்லோ மரத்தத் தாண்டி ஒரு சொட்டு வந்ததில்ல. போன வாரம் கேஸ் கசியுதுன்னு வந்து நின்ன. கடைசில என்ன அது?"

"உங்க ஊறுகாய் முட்டைக்கோஸ்."

"ஆங். போ, போய் காபி குடி." கதவு சாத்திக்கொண்டது.

வெர்லா திரும்பி வந்து டிரெய்லரை வண்டியோடு மாட்டப் பார்த்தாள். அதன் முட்டுக்கால்கள் தரையோடு உறைந்திருந்தன. சுத்தியலால் இரண்டு அடி அடித்தாள். கைதான் விண்ணென்று தெறித்தது. அப்போது தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஆற்றிலிருந்து அல்ல, முதுகுக்குப் பின்னாலிருந்து. வெளியே போக இருந்த ஒரே சாலை பின்பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். ஆறு மேலே எங்கோ கரையை மீறி, சுற்றிக்கொண்டு, அந்தப் பள்ளத்துக்குள் வந்துகொண்டிருந்தது.

சுத்தியலைப் போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். மெர்லின் டிரெய்லர் வலப்பக்கம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. கடந்து போனாள்.

முப்பது கஜம் போன பிறகுதான் கால் பிரேக்கை மிதித்தது. முன்னால் சாலை பளபளவென்று நனைந்து கிடந்தது. போய்விட வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கதறியது. பின்கியர் போட்டு வந்து, அவர் வாசலில் ஹார்னை அழுத்திய கையை எடுக்காமல் வைத்திருந்தாள்.

மெர்ல் வெறும் காலுறையோடு கதவைத் திறந்தார். "உனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றவர், படியை நக்குகிற தண்ணீரைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஷூ மாட்டிட்டு வரேன்."

"வேண்டாம். ஏறுங்க."

"மாத்திரை டப்பா..."

"ஏறுங்கன்னு சொன்னேன்." பேருந்தில் மட்டும் பேசிய குரல் அது. மெர்ல் ஏறினார்.

பள்ளத்தின் விளிம்பில் வண்டியை நிறுத்தி, அவருடைய கைத்தடியை வாங்கி ஊன்றிக்கொண்டு தண்ணீருக்குள் நாலு எட்டு வைத்தாள். குளிர் எலும்பைக் கடித்தது. தண்ணீர் முட்டிக்கு மேல் ஏறியது. திரும்பி வந்தாள்.

"எவ்வளவு ஆழம்?"

"முட்டிக்குக் கீழதான்," என்று பொய் சொன்னாள்.

சாலை தெரியவில்லை. இருபுறமும் நட்ட கம்பங்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. அவற்றுக்கு நடுவே வண்டியை இறக்கினாள். பனிப் பாளங்கள் கதவில் மோதின. நடுவில் ஒரு பெரிய பாளம் இடித்ததில் பின்சக்கரம் தரையை விட்டு நழுவியது. வண்டி பக்கவாட்டில் மெல்ல அரைவட்டம் அடித்தது. ஸ்டீயரிங் கையில் உயிரில்லாமல் சுழன்றது. அதுவரை வாய் ஓயாத மெர்ல் அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரும் எழுந்திருக்காதீங்க, உக்காருங்க, யாரும் எழுந்திருக்காதீங்க," என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தன் குரல் என்று அவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

சக்கரம் சரளையைக் கடித்தது. வண்டி மேட்டில் ஏறியது.

பூங்காக் காவலர்களின் கொட்டகைக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். காவலர் ஒருவர் போர்வை கொண்டுவந்து மெர்லின் காலைச் சுற்றினார். மூவரும் நின்று கீழே பார்த்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆற்றை நிறைத்து நின்ற பனி முகாமுக்குள் நடந்து வந்தது. நுரைப் பலகைகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. வெர்லாவின் டிரெய்லர் தூக்கிய அட்டைப்பெட்டி போல நகர்ந்து, ஒரு மரத்தில் சாய்ந்து, இரண்டாக மடங்கியது.

"அடுப்ப அணைச்சியா?" என்றார் மெர்ல்.

"இல்ல."

"நானும் இல்ல."

அந்த வாரமே மெர்ல் ஊர்க் காபிக் கடையில் எல்லோரிடமும் சொன்னார். "எனக்காகத் திரும்பி வந்தா." முதலில் தன் வாசலைக் கடந்து போய்விட்டுத்தான் திரும்பி வந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. அவர் மகள் ஆப்பிள் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்று கொண்டுவந்து கொடுத்தாள். வெர்லா அதைத் தொடவில்லை. ஜோலீனிடம் மட்டும் சொன்னாள்.

"நிறுத்தலடி. தெரிஞ்சே போயிட்டேன்."

"அப்புறம் நிறுத்தினியே."

"முப்பது கஜம்," என்றாள் வெர்லா.

வசந்தம் முழுக்க, வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடி நின்றால்கூட விழித்து எழுந்து உட்கார்ந்தாள். அடுத்த பிப்ரவரியில் வேறொரு சின்ன டிரெய்லரை இழுத்துக்கொண்டு பூங்கா வாசல் வரை போனாள். இருபது நிமிடம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினாள். அதற்கடுத்த வருடம் உள்ளே போனாள். மேட்டு முகாமில், சாலையைப் பார்த்தபடி வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். டிரெய்லரைக் கழற்றாமல், பூட்ஸைக் காலிலிருந்து கழற்றாமல் ஓர் இரவு படுத்திருந்தாள். காலையில் கழுகுகள் ஆற்றின் மேல் வட்டமடித்தன. பத்து நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிப்போய், காவலர் கொட்டகையில் இன்னும் இரண்டு நாளுக்குப் பெயர் பதிந்துகொண்டாள்.