சட்டைப் பையில் சர்வர்

கம்பெனிக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தாயான சர்வரைப் பார்த்துக்கொள்கிறவன் கையில் ஒரு ஸ்மார்ட்போனைக் கொடுத்தால் போதும், தலையில் இரண்டு கொம்பு முளைத்துவிடும். எனக்கு 2008-ல் முளைத்தது. இதே பிழைப்பில் இருக்கும் சகோதரர்களே, சிரிக்காதீர்கள். உங்களுக்கும் முளைத்திருக்கும்.

தானாக நடந்த அம்புக்குறி

பம்மலில் தோல் கையுறை ஏற்றுமதி செய்யும் இப்ராஹிம் பாய்தான் என் பெரிய வாடிக்கையாளர். அவர் போனால் என் பிழைப்பே போச்சு. அவரிடம் போய், "இனிமே நான் நேர்ல வரவே வேணாம் பாய், எல்லாம் இந்தப் போன்லயே! சர்வர் ரூமைப் பூட்டி சாவியை நீங்களே வச்சுக்குங்க, ஒருத்தரும் தொடக்கூடாது" என்று பீற்றிக்கொண்டேன்.

மறுநாள் சிட்லபாக்கம் டீக்கடையில் நின்றபடியே, அவர் ஆபீஸ் ஸ்டெல்லா அக்காவின் கம்ப்யூட்டருக்குள் போன் வழியாகப் புகுந்து பிரிண்டரைச் சரிசெய்தேன். அக்காவிடம் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும் என்று தோன்றவில்லை. பாதியில் எல்லாம் அணைந்தது. உடனே அக்காவின் போன்: "ஏசப்பா! அம்புக்குறி தானா நடக்குதுப்பா! பிளக்கைப் புடுங்கிட்டேன், நீ பயப்படாத!" அக்கா காலையிலிருந்து டைப் அடித்த லெட்டர்கள் அத்தனையும் காலி. பின்னாலேயே பாய் பேசினார்.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்குறேன் தம்பி."

பெருங்களத்தூரில் போன உயிர்

அடுத்த வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணிக்கு முன்னால். செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வந்துகொண்டே பம்மல் சர்வரில் வேலையை முடித்தேன். வெளியே வர 'லாக் ஆஃப்' தட்டவேண்டும். தீப்பெட்டி அளவு திரை, பெருங்களத்தூரில் ரயில் ஒரு குலுக்கு. விரல் பக்கத்திலிருந்த 'ஷட் டவுன்' மேல் விழுந்தது. திரையில் ஏதோ கேள்வி வந்தது. படிக்காமலே ஓகே கொடுத்துத் தொலைத்தேன்.

ஐயோ! அணைந்த மெஷினைப் போன் எப்படி எழுப்பும்? யாராவது கையால் பட்டனை அமுக்கவேண்டும். இரண்டரைக்குள் ஷிப்பிங் பேப்பர்கள் அந்த சர்வரிலிருந்து போகாவிட்டால் கன்டெய்னர் கப்பல் ஏறாது. ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டேன்.

"ரூம் பூட்டியிருக்கு, சாவி பாய் பாக்கெட்ல, பாய் ஜும்மா தொழுகைல, போன் ஆஃப். பூட்டச் சொன்னதே நீதானப்பா?"

பள்ளிவாசல் கேட்டில்

பல்லாவரத்தில் குதித்து, ஆட்டோ பிடித்து, பள்ளிவாசல் கேட்டில் வேர்க்க விறுவிறுக்க நின்றேன். கரண்ட் போச்சு என்று ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். தொழுகை முடிந்து பாய் வெளியே வந்ததும், அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. "நான்தான் பாய் அணைச்சுட்டேன்" என்றேன். மனுஷர் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போய் சர்வர் ரூம் கதவைத் திறந்தார். பேப்பர்கள் போனபோது மணி இரண்டு இருபது.

போச்சுடா வேலை என்று தலையைத் தொங்கப்போட்டு நின்றேன். பாய் சாவியை என் கையில் வைத்து அழுத்தினார்.

"உண்மையைச் சொன்னீங்க, அதனால சாவி உங்ககிட்ட இருக்கட்டும் தம்பி, அந்தப் போனை இப்படிக் குடுங்க."

நேரில் வரவே வேண்டாம் என்று சொன்ன நான், அதற்குப் பிறகு தினமும் காலை ஒன்பது மணிக்கு பம்மலுக்கு பஸ் ஏறினேன்.