கார்டில் வாங்கிய சேவல்

எங்கள் தேவாலயச் சபையில் என்னை இன்றைக்கும் சிலர் 'ஏழாயிரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, "இது அந்த ஏழாயிரம்லா?" என்று பின்னால் யாராவது கேட்பது காதில் விழும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பினால் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல்வார்கள். அதற்கு நானே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது. மற்றவர்கள் சொல்லும்போது சேவலின் எடை வருஷத்துக்கு ஒரு கிலோ கூடுகிறது.

அப்போது நான் நாலாம் வகுப்பு. கருங்கலிலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் வழியில் எங்கள் வீடு. அப்பா கல்ஃபில் இருந்தார். வீட்டில் அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி. சித்தி மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளிநாட்டில் நர்ஸ் வேலைக்குப் போகவேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. அதற்கு முதலில் ஓர் ஆங்கிலப் பரீட்சை எழுதித் தேறவேண்டும். கட்டணம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதை இன்டர்நெட்டில், கிரெடிட் கார்டு வழியாகத்தான் கட்டவேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருவில் அதுவரை யாரும் அப்படி ஒரு கார்டைக் கண்ணால் பார்த்ததில்லை.

கார்டு கொடுக்கும் ஆட்கள் டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி கேன்டீனில் நர்சுகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு கார்டு எடுத்தால் டிராவல் பேக் இலவசம். இன்னொன்றுக்கு ஓட்டல் கூப்பன். அந்த ஓட்டல் நாகர்கோவிலிலேயே கிடையாது. மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. மற்ற நர்சுகள் எல்லோரும் பேக்கை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக, சித்தி மட்டும் மூன்று படிவங்களையும் கொண்டுவந்து, அம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்தாள். கடைசியில் ஒன்றுமே கொடுக்காத கார்டைத் தேர்ந்தெடுத்தாள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பேக்கு சும்மா கெடைக்கும்பம் எதுக்குட்டி வேண்டாங்கிய?"

"சும்மாவா? வருசாவருசம் ஐநூறு ரூவா பிடிப்பான் அக்கா. அந்தப் பேக்குக்கு வாடகையாக்கும் அது."

கார்டு வந்ததும் அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு சட்டங்கள் எழுதி பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டினாள். கார்டில் இருக்கும் பதினைந்தாயிரம் நம்முடைய பைசா அல்ல, வங்கியின் பைசா. ஏ.டி.எம்.மில் அதைப் போட்டுப் பணம் எடுக்கக் கூடாது. எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி. பில் வந்தால் முழுவதையும் கட்டவேண்டும், 'குறைந்தபட்சம்' என்று போட்டிருப்பதை நம்பக் கூடாது. ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. எந்தத் தேதியில் கட்டணம் கட்டினால் எந்தத் தேதியில் பில் வரும், அதற்குள் எத்தனை சம்பளம் கைக்கு வரும் என்றெல்லாம் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். பிரிட்ஜ் ஒன்று எடுக்கலாமே என்று அம்மா ஒரு வாரம் ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்து, பிறகு நேராகவே கேட்டு, பிறகு பேசாமல் இருந்தாள்.

கார்டைப் பற்றி எனக்கும் ஒரு கொள்கை இருந்தது. வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காகச் சித்தி ஒருநாள் மார்த்தாண்டத்தில் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தாள். கடைக்காரர் கார்டை ஒரு பெட்டியில் தேய்த்தார். பெட்டி ஒரு சீட்டைத் துப்பியது. சித்தி கையெழுத்துப் போட்டாள். அதன் பிறகு அவர் கார்டைத் திருப்பித் தந்துவிட்டார்! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பைசாவைக் கொடுத்தால் பைசா போய்விடும். கார்டைக் கொடுத்தால் கார்டும் திரும்ப வருகிறது, செருப்பும் வருகிறது. இது தெரியாமல் அப்பா எதற்காக அந்த வெயிலில் கிடந்து காய்கிறார் என்று அன்றைக்கு இரக்கப்பட்டேன்.

இனி சேவல். எனக்கு டைபாய்டு வந்தபோது, பிள்ளைக்குச் சுகமானால் வீட்டில் பொரிக்கும் முதல் சேவலைச் சபைக்குக் கொடுப்பதாக அம்மா நேர்ந்திருந்தாள். அந்த முதல் சேவலைத்தான் நான் கையில் வைத்துக் கொஞ்சி ஓமனித்து வளர்த்தேன். இறக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்து எல்லாவற்றையும் குறைப்பட்ட முகத்தோடு பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தேன். நேர்ச்சை விஷயத்தை என்னிடம் யாரும் சொல்லவில்லை. அறுப்பின் பண்டிகை அன்று காலையில் மேனேஜரின் காலை ஓலையால் கட்டி, அம்மா கூடையில் வைத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அழுது புரண்டேன். "நேந்தத கொடுக்காம இருக்க ஒக்குமா மக்கா?" என்றாள் அம்மா. அந்த விஷயத்தில் அவளிடம் பேசிப் பயனில்லை.

எங்கள் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை என்றால் ஆராதனையை விட ஏலம்தான் பெரிசு. ஏத்தவாழைக்குலை, சக்கைப்பழம், மரச்சீனிக் கிழங்கு, நல்லமிளகு என்று காணிக்கையாக வந்ததை எல்லாம் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். விலைக்கும் பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது. ஒரு நாரங்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். போகவேண்டும், அது சபைக்குச் சேரும் பணம், கேட்டவருக்குக் கௌரவம். அன்றைக்கு அம்மா சமையல் கொட்டகையில் இருந்தாள். சித்தி பாடகர் குழுவுக்குச் சாயா ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் பந்தலின் முன்வரிசையில், மேனேஜருக்கு நேர் எதிரே இருந்தேன்.

சபைச் செயலாளர் மேனேஜரைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்து, "இருநூறு" என்றார். ஒரு காண்ட்ராக்டர், ஊரில் முதலில் மாடி வைத்தவர், "ஐநூறு" என்றார். நான் எழுந்து, "ஆயிரம்" என்றேன்.

பந்தலில் சிரிப்பு. அப்பாவின் டிராப்ட் வந்திருக்கிறது, அம்மா சொல்லி அனுப்பித்தான் பிள்ளை கேட்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். காண்ட்ராக்டருக்கும் அது விளையாட்டாகத்தான் இருந்தது. "ரெண்டாயிரம்." "மூவாயிரம்." "அம்மாடியோ, கொள்ளாமே பிள்ள! நாலாயிரம்." எனக்குப் பயமே இல்லை. கார்டுதான் திரும்பி வருமே. அவர் ஆறாயிரம் என்றார். நான் ஏழாயிரம் என்றேன். அவர் கைகளை விரித்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். யாரோ கை தட்டினார்கள்.

அம்மா கையில் அகப்பையோடு ஓடிவந்து சேர்ந்தாள். பின்னாலேயே சித்தி. அம்மா முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகுதான் என்ன நடந்தது என்று கேட்டாள். செயலாளர் நல்ல மனிதர். பிள்ளை தெரியாமல் கேட்டது, ஏலத்தைத் தள்ளிவிடலாம் என்றார். அதோடு முடிந்திருக்கும். காண்ட்ராக்டர் வாயைத் திறந்தார்.

"ஆமா, விட்டுருங்க செயலாளரே. இல்லாத வீட்டுப் பிள்ளலா, ஆசைக்குக் கேட்டுட்டு. அந்த ஏழாயிரத்த நான் போடுயேன். கோழிய எனக்க வீட்டுக்கு அனுப்புங்க. உச்சைக்கு விருந்தாளிய வருயாங்க, கறி வைக்கணும்."

நான் கத்திய கத்தலில் மேனேஜரே ஒருமுறை கூவியது. ஆனால் நான் பார்த்தது சித்தியின் முகத்தை. 'இல்லாத வீட்டுப் பிள்ளை' என்ற இடத்தில் அது சிவந்துவிட்டது. சாயா கெட்டிலைக் கீழே வைத்தாள். "எங்க கோழி எங்க வீட்டுக்குத்தான் வரும். அரை மணிக்கூர் பொறுங்க, பைசா கொண்டு வாறேன்" என்றாள்.

ஆட்டோவில் கருங்கலுக்குப் போனோம். மேனேஜரை யாரிடமும் விட்டுவிட்டு வர நான் சம்மதிக்கவில்லை. அதனால் ஏ.டி.எம்.முக்குள் மூன்று பேராக நுழைந்தோம். கோழியை உள்ளே விடும் சட்டம் இல்லை என்றார் காவலாளி. விடக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று சித்தி கேட்டாள். அவர் கதவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சித்தி கார்டைச் சொருகினாள். திரையில் ஏதோ எழுதி வந்தது. அவள் அதைப் படித்தபடி வெகுநேரம் அசையாமல் நின்றாள். சம்பளக் கணக்கில் அறுநூறு ரூபாய்தான் இருந்தது, வேறு வழியில்லை. பிறகு என்னைப் பார்த்து, "மக்கா, கோழிய அந்தப் பக்கமா திருப்பு. நம்பரப் பாக்குது" என்றாள்.

நான் மேனேஜரின் கண்ணைப் பொத்தினேன்.

அன்று மாலை பீரோக் கதவில் பென்சிலால் ஐந்தாவது சட்டம் ஏறியது: 'சபை ஏலத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.'

பில் வந்தது. ஏழாயிரம், பணம் எடுத்ததற்குக் கூலி, அதற்கு மேல் வட்டி. சித்தி முழுவதையும் கட்ட முடியாமல், தானே நம்பாதே என்று எழுதி வைத்த அந்தக் 'குறைந்தபட்ச'த்தைக் கட்டினாள். அடுத்த மாதமும் அதையே. மேனேஜரின் விலை மாதாமாதம் ஏறிக்கொண்டு போனது. பில் வரும்போதெல்லாம் அம்மா எவ்வளவு என்று மட்டும் கேட்டுவிட்டு முற்றத்தில் நிற்கும் சேவலை ஏற இறங்கப் பார்ப்பாள். கிறிஸ்மஸுக்கு வந்தவர்கள் நல்ல சேவலாக இருக்கிறதே என்று நாக்கைச் சப்பியபோது, "அத ஒண்ணும் தொடாண்டாம். வட்டி கெட்டுத கோழியாக்கும்" என்று தடுத்துவிட்டாள். மேனேஜர் கடைசிவரை யாருக்கும் கறியாகாமல் வயதாகித்தான் செத்தது.

இதற்கு நடுவில், ஏலம் முடிந்த இரண்டாம் வாரம், சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு மார்த்தாண்டத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனாள். காலண்டரில் வட்டம் போட்டிருந்த நாள். அவள் தட்டித் தட்டிப் பார்த்தாள். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. கடைக்காரப் பையன் எட்டிப் பார்த்து, "கார்டு எடுக்க மாட்டேங்குவு அக்கா. லிமிட்டு பத்தாதுன்னு காட்டுவு" என்றான். சித்தி இன்னொரு முறை தட்டினாள். மறுபடியும் சிவப்பு. மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்து எனக்கு நன்னாரி சர்பத் வாங்கித் தந்தாள்.

"பீசு கெட்டலியா சித்தி?"

"வேற வழியில கெட்டிக்கிடலாம் மக்கா. நீ குடி."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். கட்டியாச்சு என்றாள் சித்தி. பெரியவர்களுக்கு வேறு வழிகள் உண்டு என்று எனக்கும் தெரியும். நான் அதோடு மறந்துபோனேன்.

பரீட்சை நாள் வந்தது. திருவனந்தபுரத்தில். சித்தி விடியும் முன்னே குளித்து நல்ல சேலை உடுத்திக்கொண்டாள். அம்மா அவளை நிற்கவைத்து ஜெபம் செய்தாள். அப்பா அனுப்பிய பொன்நிற மூடிப் பேனா ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொண்டு எழுதிய பரீட்சைகளில் நான் தோற்றதே இல்லை. ஏழாயிரம் விஷயத்தில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்சக் குறுகுறுப்பைத் தீர்த்துக்கொள்ள அதை அவளுக்குக் கொடுத்தேன். மாலையில் சித்தி முறுக்குப் பொட்டலத்தோடு வந்தாள். "பேனா எப்பிடி எழுதிச்சு?" என்று கேட்டுக்கொண்டே பஸ்ஸடியிலிருந்து கூட நடந்தேன்.

"நல்லா எழுதிச்சு மக்கா. கேள்விதான் கஷ்டம்."

ஒரு மாதம் கழித்து, தேறவில்லை என்றாள். வீட்டில் அதன் பிறகு ஒரு வருஷம் கேலிதான். சித்தி ஏதாவது ஆங்கிலத்தில் சொன்னால் அம்மா, "இங்கிலீசுல தோத்தவ பேசாண்டாம்" என்பாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். காண்ட்ராக்டர் வரை செய்தி போய், ஞாயிற்றுக்கிழமைகளில் கோழியின் சுகத்தோடு இதையும் சேர்த்து விசாரித்தார். சித்தியும் சிரித்துக்கொள்வாள். அடுத்த வருஷம் மறுபடி எழுதினாள், ஒரே தடவையில் தேறினாள், அயர்லாந்து போனாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறாள்.

போன வருஷம் எனக்கு வேலை கிடைத்து, நானும் ஒரு கார்டுக்கு எழுதிப் போடலாம் என்று நினைத்தபோது, சித்தியின் சட்டங்களைப் பார்க்க அந்தப் பீரோவைத் திறந்தேன். தாள் அப்படியே இருந்தது. கீழ்த்தட்டில் அவளுடைய பழைய பில்கள், மாதவாரியாக, ஒன்றுவிடாமல். எடுத்துப் புரட்டினேன். என் செருப்பு இருந்தது. சேவல் இருந்தது. சேவலின் வட்டி பதினோரு மாதத்துக்கு இருந்தது. கார்டில்தான் கட்டமுடியும் என்றிருந்த பரீட்சைக் கட்டணம் மட்டும் அந்த வருஷத்தில் எங்குமே இல்லை. அது அடுத்த வருஷத்து பில்லில்தான் வந்தது, ஒரே ஒரு முறை.

போனில் கூப்பிட்டேன். "சித்தி, அன்னைக்குத் திருவனந்தபுரத்துல எங்க போனிய?"

சித்தி சிரித்தாள். "மிருகக்காட்சிசாலைக்குப் போனேன் மக்கா. அஞ்சு மணி வரைக்கும் எங்கயாவது இருக்கணும்லா. கெட்டலன்னு சொன்னா ஒனக்க அம்மை ஒன்ன வச்சிருப்பாளா? நீர்யானைய மட்டும் ரெண்டு மணிக்கூர் பாத்தேன்." பிறகு அவளே கேட்டாள்: "ஏட்டி, அந்தப் பேனா இருக்கா? நல்ல பேனாலா அது."

"இருக்கு சித்தி" என்றேன்.

அது இல்லை. சித்தி தேறவில்லை என்று தெரிந்த அன்றே, ராசியில்லாத பேனா என்று அதைக் கிணற்றில் போட்டுவிட்டேன்.