நிறுத்த விடாத வரிசை

காட்டுச் சாலை தொடங்கும் ஜிர்காடாங் கேட்டில் அவர் குடித்த இரண்டாவது இளநீரை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வந்திருந்த பேராசிரியர் அவர். மறுநாள் தேர்வு; அதற்குள் காட்டைத் தாண்டி இருக்கும் பாராடாங் தீவைப் பார்த்துவிட வேண்டும் என்றார். என் கணவருக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டுவதுதான் தொழில். கூட்டிக்கொண்டு கிளம்பினோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கு இருந்தது. இன்றைய மெய்யியலார் சிலர் வடிவத்தையும் ஒரு காரணமாக மறுபடி எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள். உறுப்புகள் சேர்ந்திருக்கும் ஒழுங்கே அவற்றை இன்னவிதமாக நடக்க வைக்கிறது என்கிறார்கள். என் ஆய்வேட்டின் உயிரே அதைப் பற்றிய அத்தியாயம்தான். அவரோ சைவ சித்தாந்தத்தில் ஊறியவர். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அத்தோடு கணக்கு முடிந்தது. "வடிவம் குடத்துல இருக்கும்மா, குடத்தை உண்டாக்காது. அந்த அத்தியாயத்தை எடுத்துடுங்க" என்று வண்டியில் ஏறும்போதே சொல்லிவிட்டார். எடுக்காவிட்டால் பட்டம் சந்தேகம்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. எடுப்பதாக இல்லை.

கேட்டில் வண்டிகள் வரிசைகட்ட, போலீஸ் முன்னால் போக, கான்வாய் புறப்பட்டது. ஜாரவா பழங்குடி மக்கள் வாழும் காடு. நடுவில் யாரும் நிற்கக் கூடாது. பாதிக் காட்டில் பேராசிரியர் நெளிய ஆரம்பித்தார்.

"தம்பி, ஓரமா ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

"கான்வாய் சார். தோடா, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றார் என் கணவர்.

"போலீஸ் கண்ணுலயே படலையே?"

"அவங்க எங்கயோ முன்னாடி போறாங்க சார். பின்னாடி பஸ்ஸு ஒட்டிக்கிட்டு வருது, எப்படி நிக்கறது?"

படகுத்துறை வந்ததும் மனிதர் ஓடிய ஓட்டத்தை அங்கே நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

மறுநாள் தேர்வில், எதிர்பார்த்தபடியே, "வடிவம் காரணமாகுற ஒரே ஒரு உதாரணம் காட்டுங்கம்மா" என்றார்.

"நேத்து வண்டி ஏன் நிக்கலைங்கய்யா? அதே வண்டி, அதே டிரைவர், அதே பிரேக். ஊருக்குள்ள லம்பா லைன் ஏரியாவுல கேட்டிருந்தீங்கன்னா உடனே நின்னிருக்கும்."

"அது போலீஸ் விதி."

"விதியைக் கேட்டுல சொன்னாங்க. காட்டுக்குள்ள உங்களைப் பிடிச்சு வச்சது முன்னாடி லாரி, பின்னாடி பஸ்ஸுன்னு இருந்த அந்த வரிசைதான். தினமும் வண்டி மாறுது, டிரைவர் மாறுறாங்க. வரிசை அதே வேலையைச் செய்யுது."

என் நெறியாளர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குத் துளியும் பயமில்லை. சொன்னது சரி என்று எனக்குத் தெரியும்.

பேராசிரியர் ஆய்வேட்டை மூடி வைத்தார். "அத்தியாயம் இருக்கட்டும்" என்றார் கடைசியில். "அந்த உதாரணத்தை மட்டும் ஏட்டுல சேர்த்துடாதீங்கம்மா."

சேர்க்கவில்லை. ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிவருகிறேன்.