மச்சாளும் நத்தார்க் காதல் படங்களும்

பஸ் சாரதிச் சீருடையின் மேற்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் மச்சாள் எங்கள் வரவேற்பறைச் சோபாவின் மூலையில் அமர்ந்திருக்கிறார். மடியில் ஒரு கிண்ணம் மிக்சர், கையில் இஞ்சி போட்ட பிளேன்ரீ. திரையில் சிவப்புத் தொப்பி அணிந்த ஒருத்தி கோப்பிக் கோப்பையோடு பனியில் நடந்து வருகிறாள். எதிரே கட்டம்போட்ட சட்டைக்காரன் ஒருவன் நத்தார் மரமொன்றைத் தோளில் சுமந்து வருகிறான். இருவரும் மோதிக்கொள்ளப் போகிறார்கள். அது எனக்குத் தெரியும், மச்சாளுக்கும் தெரியும், எங்கள் வீட்டுச் சுவருக்கும் தெரியும். ஆனாலும் கோப்பி அவன் சட்டையில் சிந்துகிற கணத்தில் "ஐயோ!" என்று மச்சாள் நெஞ்சில் கைவைப்பார். அவர் எங்களோடு லண்டன் நோர்பரியில் இருந்த காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். சமையலறை வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும் என்னையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. கல்யாணம் ஆகாதவர். ஜெர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு எங்கள் பின்னால் லண்டனுக்கு வந்தவர். இங்கே வந்த பிறகு, மற்றவர்கள் முழங்கால் வலியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கும் வயதில், பஸ் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தார். விடியற்காலை ஷிப்ட் முடித்துப் பின்னேரம் வீட்டுக்கு வருவார். மரங்களில் இலை முழுதாக உதிர முன்னரே எங்கோ ஒரு அலைவரிசையில் நத்தார்ப் படங்கள், அதாவது கிறிஸ்மஸ் காதல் படங்கள், தொடங்கிவிடும். அன்றிலிருந்து தைப்பொங்கல் வரைக்கும் அந்தத் தொலைக்காட்சி எங்களுடையது அல்ல.

அந்தப் படங்களைப் பார்க்காத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். பெரிய நகரத்தில் பெரிய வேலை பார்க்கும் ஒரு பெண் இருப்பாள். என்ன வேலை என்று கடைசிவரைக்கும் சொல்லமாட்டார்கள். கைபேசியில் கதைத்துக்கொண்டே வேகமாக நடப்பதுதான் வேலை. ஏதோ காரணத்துக்காக அவள் ஒரு சின்ன ஊருக்குப் போவாள். அங்கே ஒரு பேக்கரி மூடப்படும் நிலையில் இருக்கும். மனைவியை இழந்த ஒரு தச்சன் இருப்பான். அந்த மனைவி எப்படிச் செத்தாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அவனுக்கு ஒரு மகள், அறுபது வயதுக்காரியின் வாயோடு. பனி கொட்டும், ஆனால் ஒருவர் தலைமுடியும் நனையாது. கோப்பைகளில் கோப்பி இருக்காது. அவர்கள் அதை வீசி வீசிக் கதைக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும். கதாநாயகிக்கு ஒரு சிநேகிதி உண்டு. "நீ உண்மையிலேயே அவனை விரும்புகிறாயா?" என்று கேட்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு சோலி இல்லை. எங்கள் நிறத்தில் யாராவது அந்தப் படத்தில் இருந்தால் அது அந்தச் சிநேகிதியாகத்தான் இருக்கும்.

நான் மருந்துக்கடையில் வேலை செய்பவள். மார்கழி முழுவதும் ஊர் மக்களின் இருமலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ஒருவருக்குத் தடிமன்கூடப் பிடிக்காத அந்தப் பனியைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். "மச்சாள், இதை முந்தநாளும் பாத்தனீங்கள்" என்பேன்.

"இல்லை, அது வேற. அதில அவன் பூக்கடை வச்சிருந்தவன்."

இதில் வேடிக்கை என்னவென்றால், பிள்ளையார் கதை விரதமும் திருவெம்பாவையும் இந்தப் படங்களும் ஒரே காலத்தில்தான் வரும். நெற்றியில் திருநீற்றோடு, பகலில் சாப்பிடாமல், வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரியும் முத்தமிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன், உதில என்னதான் இருக்கு என்று. மச்சாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "இதில ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது. ஒரு வீடும் எரியாது. ஒருத்தரும் காணாமப் போகமாட்டினம். நாள் முழுக்க ரோட்டைப் பாத்துக்கொண்டிருந்த கண்ணுக்கு அது போதும்."

மச்சாளின் கதை எனக்குத் தெரியும். இளம் வயதில், போர்க்காலத்தில், ஊரில் நிச்சயித்த மாப்பிள்ளையை நம்பி ஜெர்மனிக்குப் போனவர். எத்தனையோ நாடு தாண்டி, எத்தனையோ பேர் கையில் பயணம் மாறி அவர் போய்ச் சேர்ந்தபோது, மாப்பிள்ளை வேறொருத்தியோடு குடும்பமாக இருந்தார். கூட்டிப்போக வந்ததே மாப்பிள்ளையின் நண்பர்தான். மச்சாள் திரும்பிப் போகவில்லை. ஹோட்டலொன்றில் படுக்கை விரிப்புத் தோய்த்தார். தம்பிமார் இருவரையும் ஊரிலிருந்து தன்னிடம் எடுப்பித்துக் கல்யாணமும் செய்து வைத்தார். அடுத்து என்ன நடக்கும் என்று நெஞ்சிடிக்கக் காத்திருப்பது ஒருவருக்குப் பொழுதுபோக்காக இருக்கலாம். அவருக்கு அது போதும் போதும் என்றாகியிருந்தது.

ஆனால் அவரும் அந்தப் படங்களை ஏசாமல் விட்டதில்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் கதாநாயகி நகரத்து வேலையை உதறிவிட்டுப் பேக்கரியில் மாப்பிசையத் தீர்மானிப்பாள். வாத்தியங்கள் முழங்கும். மச்சாளுக்குக் கோபம் தலைக்கேறும். "விசரி! அவனும் வேணும், வேலையும் வேணும் எண்டு சொல்லன்! ஏன் வேலையை விடுறாய்?" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு வருடம், சொந்தக்காரர் ஒருவரின் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் மச்சாளுக்கு, நகரத்தின் மறுகோடியில் ஹரோவில் இருக்கும் ஒருவர் பழக்கமானார். மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். டாக்டர் மகளோடு இருந்தார். நாங்கள் அவரை ஹரோ அண்ணை என்போம். தனியாக வந்தவர்களை ஒரு மேசையில் போட்டபோது இருவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தார்களாம். "எங்கட ரசம் ஒருத்தற்ற சட்டையிலயும் ஊத்துப்படேல்லை" என்று மச்சாளே பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். அதன்பிறகு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. அவர் பஸ்ஸைப் பற்றித்தான் கேட்பார்: வளைவில் எப்படித் திருப்புவது, மேல்தட்டில் பிள்ளைகள் சண்டைபிடித்தால் என்ன செய்வது. இவர் ஒவ்வொன்றாக விளக்குவார்.

என் கணவர் அதைக் கேட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். "அக்கா, இந்த வயசில உதென்ன? ஊர் என்ன சொல்லும்?"

"ஊர் என்ர பஸ்ஸில ஏறிறதெண்டா கார்ட்டைத் தட்டிப்போட்டு ஏறட்டும்" என்றார் மச்சாள்.

எனக்கு ஊரைப் பற்றிய கவலை இல்லை. எனக்கு அந்தப் படங்களின் மேல்தான் ஆத்திரம். பாடிக்கொண்டே பாத்திரம் கழுவுகிற, புதுக் கழுத்துத்துண்டு வாங்குகிற மச்சாளைப் பார்க்கும்போது, எல்லாம் நல்லபடி முடியும் என்று ஒரு மனிசிக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த அந்தத் தச்சர்களையும் பூக்கடைக்காரர்களையும் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிறு ஹரோ அண்ணை எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தார். என் கணவர் வரமாட்டேன் என்றுவிட்டார். நான்தான் கூடப் போனேன். அழகான வீடு. மகளும் அன்பான பிள்ளை; அதைச் சொல்லத்தான் வேண்டும். பாயாசம் பரிமாறிக்கொண்டே அவள் சொன்னாள்: "அன்ரி, அப்பாவுக்கு சுகர், பிரஷர் எல்லாம் இருக்கு. எனக்கு எந்த நேரமும் டியூட்டி. நேரத்துக்குச் சமைச்சுக் குடுத்துப் பாக்க ஒரு ஆள் இருந்தா நிம்மதி. நீங்களும் இந்த ஏஜில பஸ் ஓடிக் கஷ்டப்படத் தேவையில்லை. வேலையை விட்டிட்டு எங்களோடயே வந்திருங்கோ."

மச்சாள் கரண்டியை வைத்துவிட்டு ஹரோ அண்ணையைப் பார்த்தார். "நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அவர் பாயாசத்தைப் பார்த்தார். "பிள்ளை சொல்லுறது எனக்கும் சரியெண்டுதான் படுது."

"நான் ரெண்டு தரம் பெயிலாகி எடுத்த லைசென்ஸ் அது. விடமாட்டன்" என்றார் மச்சாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு பாயாசத்தை மிச்சம் விடாமல் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்று மகளிடம் சொல்லி எழுந்தார்.

வெளியே பனியா பெய்தது? மழைதான், பக்கவாட்டில் அடிக்கிற லண்டன் மழை. ஹரோ ஸ்டேஷனில் நாங்கள் ஏறிய ரயில், சிக்னல் கோளாறு என்று கதவைத் திறந்துவைத்தபடி நின்றது. மச்சாள் கழுத்துத்துண்டைக் கழற்றி மழைநீரைப் பிழிந்தார். பிறகு, "படத்தில எண்டா இப்ப அவர் ஓடி வரோணும்" என்றார். சொன்னது பகிடிதான். ஆனாலும் நாங்கள் இருவரும் படிக்கட்டைப் பார்த்தோம். தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். அவளுக்குப் பின்னால் யாரும் வரவில்லை. கதவு மூடியது. "மூட்டுவலிக்காரர். படி ஏறி இறங்க ஏலாது" என்று சொல்லிவிட்டு மச்சாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த மார்கழியில் மச்சாள் அதற்குப் பிறகு ஒரு படமும் பார்க்கவில்லை. வேலையால் வந்து நேரே அறைக்குப் போய்விடுவார். நான் எத்தனை வருடமாக வேண்டிய அமைதி! என்னால் தாங்கமுடியவில்லை. ஒருநாள் நானே அந்த அலைவரிசையைப் போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "உது பாத்தது" என்றார்.

"எல்லாம் பாத்ததுதானே, மச்சாள்!" என்று கத்தியேவிட்டேன்.

பொங்கல் கழிந்து ஒரு பின்னேரம் கதவு மணி அடித்தது. ஹரோ அண்ணை நின்றார். ரயில் மாறி, பஸ் மாறி வந்திருக்கிறார். கையில் பழைய ஐஸ்கிரீம் டப்பா ஒன்று, பொலித்தீன் பையில் சுற்றியபடி. மச்சாளைக் கண்டதும் அதை நீட்டினார். "நானே சமைச்சனான். கத்தரிக்காய். நீங்கள் வேலையை விடவேண்டாம். நான்தான் சமைக்கப் பழகோணும். மகளுக்கும் சொல்லிப்போட்டன்."

மச்சாள் மூடியைத் திறந்து நின்ற நிலையிலேயே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். "பிரஷர்காரர் இவ்வளவு உப்புப் போடலாமே?" என்றார். பிறகு, "இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

படமாக இருந்தால் இந்த இடத்தில் முடித்திருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகும் தேத்தண்ணிக் கோப்பைகளை யாரோ கழுவத்தான் வேண்டும். கல்யாணம் என்ற பேச்சை மச்சாள் எடுக்கவே விடவில்லை. "கலியாணத்துக்கெண்டு ஒருக்கா வெளிக்கிட்டனான். அது காணும். ஞாயிற்றுக்கிழமையில வாங்கோ" என்றார். அவரும் வந்தார், வந்துகொண்டே இருந்தார். என் கணவர் மாதக்கணக்கில் உம்மென்றிருந்தார். அக்கா எங்களுக்குப் பக்கத்திலேயே தோர்ன்டன் ஹீத்தில் தனக்கென்று ஒரு சின்ன பிளாட் எடுத்துக்கொண்டு போனபோதுதான், கட்டிலைத் தூக்க வேறு ஆள் இல்லாமல், ஹரோ அண்ணையோடு முதன்முதலில் வாய்திறந்து கதைத்தார். "மெதுவா, மெதுவா, கதவில இடிக்குது" என்பதுதான் அந்த முதற்பேச்சு.

போன நத்தாருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் படங்களை எடுப்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு: நத்தார் தினத்தில் லண்டனில் ரயிலும் இல்லை, பஸ்ஸும் இல்லை. மச்சாளுக்கு அன்று முழு லீவு. ஹரோ அண்ணைக்குச் சர்க்கரை கண்ணில் ஏறிய பிறகு கார் ஓட்டுவதில்லை. மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். காதலர்கள் கட்டாயம் சேர வேண்டிய அந்த ஒரு நாளில்தான் இவர்கள் இருவரும் நகரத்தின் இரண்டு அந்தத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். காரில் போய்க் கூட்டிவருகிறேன் என்று என் கணவரே சொன்னார். மச்சாள் கேட்கவில்லை. "வேண்டாம். இஞ்ச வந்தா நித்திரை கொண்டிடுவார். அங்கயிருந்து பாக்கட்டும்."

மத்தியானம் நான் மச்சாளின் பிளாட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது எதைப் பார்க்கிறார்கள் என்று விளங்கியது. இரண்டு வீட்டிலும் ஒரே படம். நடுவில் தொலைபேசி, ஸ்பீக்கரில். ஹரோவில் படம் சில விநாடி முந்தி ஓடுகிறதோ என்னவோ, நான் உள்ளே நுழைந்ததும் ஹரோ அண்ணையின் குரல் கேட்டது: "ஆ, குடுத்திட்டான்!"

"என்னத்தை?"

"முத்தம்தான்."

"ஐயோ! முடிவைச் சொல்லாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்! எனக்கு இஞ்ச இன்னும் வரேல்லை!"

நான் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தேன். இந்த உலகத்தில் எடுத்த அத்தனை நத்தார்ப் படத்துக்கும் ஒரே முடிவுதானே, இதில் சொல்லிக் கெடுக்க என்ன இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். மச்சாள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினார். "சத்தம் போடாதேயும். இருந்து பாரும்."

இருந்தேன். ஹரோவில் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. இங்கே அவன் இன்னும் அவளை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான்.